செவிலியர் பணி: இன்னலும் இன்பமும்

முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆசிரியப் பணி ஆற்றி, அவற்றுள் சில ஆண்டுகள் தலைமையாசிரியனாகவும் இருந்து ஓய்வு பெற்றவன் நான். கணக்கு என்னுடைய பாடம். ஓர் ஆசிரியன் தன் வாழ்நாளில் ஆயிரக்கணக்கான கேள்விகளுக்கு விடை சொல்கிறான். அவற்றுள் சிலவற்றுக்குத் தவறான விடை சொல்லிவிட்டோமே என்னும் வருத்தம் ஓய்வு பெற்ற பின்னரும் அவனை விட்டு நீங்குவதில்லை. அத்தகைய விடை ஒன்றைத் திருத்திச் சொல்லவே இன்று உங்கள்முன் வந்திருக்கிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன்பு, மேல்நிலைத் தேர்வில் சிறந்த மதிப்பெண் பெற்ற மாணவி ஒருத்தி தன் தந்தையுடன் என் அறைக்கு வந்தாள். செவிலியர் படிப்பில் சேர வேண்டும் என்பது அவள் விருப்பம். தந்தைக்கோ அதில் சிறிதும் உடன்பாடு இல்லை. “நீங்களே சொல்லுங்கள் ஐயா! இவ்வளவு மதிப்பெண் வாங்கிவிட்டு, இரவெல்லாம் கண்விழித்து அடுத்தவர் அழுக்கைத் துடைக்கும் வேலைக்கா போவது? நாளைக்கு இவளைப் பெண் கேட்டு யார் வருவார்கள்?” என்றார் அவர். நான் தந்தையின் பக்கமே பேசினேன். “உன் அறிவுக்கு அந்த வேலை போதாது, அம்மா” என்று அவளிடம் கூறினேன். அவள் மறுத்துப் பேசவில்லை. வேறு பட்டம் பெற்றாள். வங்கியொன்றில் நல்ல பதவியில் அமர்ந்தாள்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் அவளைத் தற்செயலாகச் சந்தித்தேன். அவளுடைய தாய் ஆறு மாதம் நோயில் கிடந்து மறைந்திருந்த சமயம் அது. “அம்மாவைக் கடைசிவரை நான்தான் பார்த்துக்கொண்டேன், ஐயா. அன்று நான் கேட்டது அவ்வளவு சிறிய வேலையா?” என்று வினவினாள். அக்கேள்வியில் குற்றச்சாட்டு இல்லை. உண்மையாகவே அறிந்துகொள்ள விரும்பிக் கேட்டாள். என்னிடம் விடை இல்லை.

அந்த விடையை எனக்குக் கற்பித்தவை, வயிற்றில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு ஒரு மருத்துவமனையில் நான் கழித்த ஒன்பது இரவுகள். பகலில் மருத்துவமனை மருத்துவருடையது; இரவில் அது செவிலியருடையது. இதனை உறக்கம் வராத நோயாளி எவனும் அறிவான். என் அடுத்த படுக்கையில் வயது முதிர்ந்த உழவர் ஒருவர் இருந்தார். மூன்றாம் நாள் இரவு, சுவர்க் கடிகாரம் இரண்டு மணியைக் காட்டிய வேளையில், பணியிலிருந்த செவிலியர் அவரருகே வந்து பெயர் சொல்லி எழுப்பினார். நாடியைப் பிடித்துப் பார்த்தார். பிறகு கையை எடுக்காமலே, ஒரு கண்ணைக் கைக்கடிகாரத்திலும் மறு கண்ணைப் பெரியவரின் மார்பிலும் வைத்தவர்போல் ஒரு முழு நிமிடம் அசையாமல் நின்றார். அடுத்த கணம் தொலைபேசியை நோக்கி விரைந்தார். மருத்துவர் வந்தார், உயிர்வளி செலுத்தப்பட்டது, பெரியவரைத் தீவிர சிகிச்சைப் பிரிவிற்குக் கொண்டு சென்றனர். அறுவைக்குப் பின் நுரையீரலில் சளி கட்டிக் காய்ச்சல் தொடங்கியிருந்ததாம். ஐந்து நாள் கழித்து அவர் மீண்டும் எங்கள் பிரிவுக்கு நடந்தே வந்தார். அவருடைய மக்கள் மருத்துவரின் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணீர் விட்டனர். அது முறையே. ஆனால் அந்தச் செவிலியரைப் பற்றி ஒருவரும் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவர் இரவுப் பணி முடிந்து வீட்டிற்குப் போயிருந்தார்.

மறுமுறை அவர் பணிக்கு வந்தபோது, “உங்களுக்கு எப்படித் தெரிந்தது, அம்மா?” என்று கேட்டேன். “எட்டு மணிக்கு நான் வந்தபோது வெற்றிலை கேட்டு என்னோடு வழக்காடினார், அப்பா. இரண்டு மணிக்கு எழுப்பியபோது வெற்றிலையைக் கேட்கவே இல்லை. உடனே மூச்சை எண்ணினேன், இருபத்தெட்டு இருந்தது” என்றார். அமைதியாக இருக்கும் வளர்ந்த மனிதர் ஒரு நிமிடத்தில் மூச்சு விடுவது ஏறத்தாழ 12 முதல் 20 தடவைதான். ஒரு கிழவர் வெற்றிலை கேட்க மறந்ததிலிருந்து ஒரு பேராபத்தை அறிந்துகொள்வது சிறிய அறிவா? “உன் அறிவுக்கு அந்த வேலை போதாது” என்று நான் சொன்ன சொல் அன்றிரவு என்னையே சுட்டது.

திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தின் முடிவில், மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பிரிக்கிறார். நோயுற்றவர், அந்நோயைத் தீர்க்கும் மருத்துவர், மருந்து, நோயாளியின் பக்கத்திலிருந்து பணி செய்பவர் ஆகிய நால்வகை அது. நான்காமவருக்கு அவர் இட்ட பெயர் ‘உழைச்செல்வான்’ என்பது. ‘உழை’ என்பதற்குப் பக்கம் என்பது பொருள். ஆகவே, பக்கத்தில் செல்பவர், பக்கத்தில் நிற்பவர் என்பதே செவிலியருக்குத் தமிழ் தந்த பழைய விளக்கம். சங்க அகப்பாடல்களில் தலைவியை வளர்க்கும் தாய்க்குச் ‘செவிலி’ என்று பெயர். அவளும் பெற்றவள் அல்லள். ஆயினும் எப்பொழுதும் பக்கத்தில் இருப்பவள். இப்பணியின் இன்னல் யாது, இன்பம் யாது என்று நீங்கள் கேட்டால், இரண்டும் இந்தப் ‘பக்கத்தில் இருத்தல்’ என்னும் ஒரே வேரிலிருந்து கிளைப்பவை என்பதே என் விடை. அதனை இனிச் சற்று விரித்துரைக்கிறேன்.

முதலில், பக்கத்தில் இருப்பதற்கு அன்பு ஒன்றே போதும் என்னும் எண்ணத்தை விட்டுவிட வேண்டும். கணக்கு ஆசிரியன் என்ற முறையில் ஓர் எளிய கணக்கைச் சொல்கிறேன். நோயாளி ஒருவருக்கு 500 மில்லி லிட்டர் உப்பு நீரை நான்கு மணி நேரத்தில் நரம்பின் வழியே ஏற்ற வேண்டும் என்று மருத்துவர் எழுதுகிறார். அந்தக் குழாயில் ஒரு மில்லி லிட்டருக்கு 20 துளி விழும். ஆயின், நிமிடத்திற்கு எத்தனை துளி விழும்படி திருக வேண்டும்? மொத்தம் 10,000 துளி; நான்கு மணி நேரம் என்பது 240 நிமிடம்; வகுத்தால் ஏறத்தாழ 42 துளி. உங்களில் பலர் இதனை நொடியில் போட்டுவிடுவீர்கள். ஆனால் இதனை நள்ளிரவில், பத்துப் படுக்கைகளில் பத்து வெவ்வேறு அளவுகளுடன், ஒருவர் வாந்தி எடுக்க மற்றொருவர் அழைக்க, பிழையின்றிப் போட வேண்டும். தேர்வில் பிழை நேர்ந்தால் ஒரு மதிப்பெண் போகும். இங்கே பிழை நேர்ந்தால், இதயம் தளர்ந்த ஒருவருக்கு நீர் மிகுந்து மூச்சுத் திணறும். மருந்து கொடுக்கும்போதும் அவ்வாறே. சரியான நோயாளியா, சரியான மருந்தா, சரியான அளவா, சரியான வழியா, சரியான நேரமா என ஐந்தையும் ஒவ்வொரு தடவையும் சரிபார்க்கப் பழக்குகிறார்கள்.

இப்பணிக்கு அறிவின் ஒழுங்கைக் கொண்டுவந்தவர் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார். இவர் 1820ஆம் ஆண்டு மே 12ஆம் நாள் பிறந்தார். 1854இல் கிரிமியப் போரில் காயமுற்ற வீரர்களைப் பேண, 38 செவிலியரை அழைத்துக்கொண்டு ஸ்குட்டாரி மருத்துவமனைக்குச் சென்றார். கையில் விளக்கேந்தி வலம் வந்த அம்மையார் என்றே நாம் அவரைப் பாடநூலில் படித்திருக்கிறோம். விளக்கைப் போலவே முக்கியமான பொருள் ஒன்று அவர் கையில் இருந்தது, அது கணக்கேடு. வெடியாலும் வாளாலும் இறந்தோரைவிட, தூய்மையற்ற சூழலில் பரவிய நோய்களால் இறந்தோரே மிகப் பலர் என்பதை எண்களால் மெய்ப்பித்தார். அவ்வெண்களைப் படமாக வரைந்து ஆட்சியாளர்க்குக் காட்டினார். இங்கிலாந்தின் புள்ளியியல் கழகத்தில் உறுப்பினரான முதல் பெண்மணி அவரே. 1860இல் லண்டன் நகரத்துப் புனித தாமஸ் மருத்துவமனையில் அவர் தொடங்கிய பள்ளி, செவிலியர் பணியைக் கற்றுத் தேற வேண்டிய ஒரு தொழிலாக்கிற்று.

நம் மாநிலத்திலும் இப்பணிக்கு நெடிய வரலாறு உண்டு. 1871ஆம் ஆண்டிலேயே சென்னை அரசு பொது மருத்துவமனையில் பயிற்சி தொடங்கியது. வேலூரில் மருத்துவர் ஐடா ஸ்கட்டர் அம்மையார் 1909இல் செவிலியர் பள்ளி ஒன்றை நிறுவினார். பெண்களுக்கான மருத்துவப் பள்ளியை அவர் தொடங்கியது 1918இல். மருத்துவரை உருவாக்குவதற்கு ஒன்பது ஆண்டுகள் முன்பே செவிலியரை உருவாக்கத் தொடங்கிவிட்டார் என்பதை நாம் கருத வேண்டும். 1926இல் சென்னை மாகாணத்தில் செவிலியரைப் பதிவு செய்யும் சட்டம் வந்தது. 1946இல் டெல்லியிலும் வேலூரிலும் பட்டப் படிப்பு தொடங்கியது. இன்று இளநிலைப் பட்டத்திற்கு நான்கு ஆண்டு, பட்டயத்திற்கு மூன்று ஆண்டு கற்க வேண்டும். உடற்கூற்றியல், உடலியங்கியல், நுண்ணுயிரியல், மருந்தியல், உளவியல் எனப் பாடங்கள் நீளும்.

இனி இன்னல்களைக் கூறுகிறேன். மறைத்துச் சொல்வது உங்களுக்கு நான் செய்யும் இரண்டாம் பிழையாகும்.

முதலாவது, உடலின் துன்பம். பக்கத்தில் இருப்பவர் உட்கார முடியாது. தாமாகப் புரள இயலாத நோயாளியை இரண்டு மணிக்கு ஒரு முறையேனும் புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் படுக்கைப் புண் வரும். தம்மைவிடக் கனத்த உடல்களைத் தூக்கித் தூக்கி முதுகு நோவாத செவிலியர் அரியர். இரவுப் பணி பல இடங்களில் பன்னிரண்டு மணி நேரம். இரவில் உறங்குவதற்கென அமைந்த உடலைப் பகலில் உறங்கச் சொன்னால் அது எளிதில் பணிவதில்லை. பிள்ளைகள் பள்ளிக்குப் புறப்படும் நேரத்தில் தாய் வீடு திரும்புவாள். அவர்கள் வீடு திரும்பும் நேரத்தில் அவள் புறப்படுவாள்.

இரண்டாவது, எண்ணிக்கையின் துன்பம். போதனை மருத்துவமனைகளில் மூன்று நோயாளிகளுக்கு ஒரு செவிலியரும், பிற பொது மருத்துவமனைகளில் ஐந்து பேருக்கு ஒருவரும் வேண்டும் என்பது இந்திய செவிலியர் மன்றம் வகுத்த அளவு. நான் இருந்த பிரிவில் முப்பதுக்கு மேற்பட்ட படுக்கைகளுக்கு இரவில் ஒருவரே இருந்தார். இது செவிலியரின் களைப்பைப் பற்றிய செய்தி மட்டும் அன்று. நோயாளியின் உயிரைப் பற்றிய செய்தி. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 168 மருத்துவமனைகளை ஆராய்ந்து 2002இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, ஒரு செவிலியரின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடும்தோறும், அறுவைச் சிகிச்சை பெற்றவர் முப்பது நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 விழுக்காடு உயர்வதைக் கண்டது. என் அடுத்த படுக்கைப் பெரியவரை நினைத்துப் பாருங்கள். அந்தச் செவிலியருக்கு அன்றிரவு இன்னும் நான்கு படுக்கைகள் கூடியிருந்தால், அவர் வெற்றிலை கேளாததைக் கவனிக்க நேரம் இருந்திருக்குமா?

மூன்றாவது, ஊதியத்தின் துன்பம். அரசுப் பணியில் நிலைபெற்றவருக்குத் தக்க ஊதியம் உண்டு. தனியார் மருத்துவமனைகளிலும் ஒப்பந்தப் பணியிலும் நிலைமை வேறு. 2016இல் உச்ச நீதிமன்றத்தின் ஆணைக்கிணங்க அமைந்த வல்லுநர் குழு, ஐம்பது படுக்கைக்குக் குறைந்த சிறிய தனியார் மருத்துவமனையிலும் செவிலியருக்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையாமல் தர வேண்டும் என்று பரிந்துரைத்தது. அவ்வாறு ஒரு குழு கூடிப் பரிந்துரைக்க வேண்டி வந்தது என்பதிலிருந்தே பலருடைய நிலையை நீங்கள் ஊகித்துக்கொள்ளலாம். 2017இல் நம் மாநிலத்து ஒப்பந்தச் செவிலியர் பணி நிரந்தரம் கோரிச் சென்னையில் கூடி அமர்ந்து போராடியதும் இதனாலேயே.

நான்காவது, உயிருக்கே வரும் இடர். நோய்க்கு அஞ்சி உறவினரே விலகி நிற்கும் இடத்தில் செவிலியர் பக்கத்தில் நிற்கிறார். 2018ஆம் ஆண்டு மே மாதத்தில் கேரளத்தின் கோழிக்கோடு மாவட்டத்தில் நிபா என்னும் கொடிய நோய் தோன்றியது. நோயின் பெயர்கூட அறியப்படாத நிலையில், அதனால் தாக்குண்டவருக்குப் பணிவிடை செய்த லினி என்னும் செவிலியர் தாமும் அந்நோய்க்கு ஆளாகி உயிர் நீத்தார். தனிமைப் பிரிவில் இருந்த அவர், இரு சிறு மகன்களையும் எண்ணித் தம் கணவருக்கு ஒரு சிறு கடிதம் எழுதிவிட்டு மறைந்தார். இரண்டாண்டு கழித்து வந்தது கொரோனா. நைட்டிங்கேல் அம்மையார் பிறந்து இருநூறாண்டு நிறைவதை ஒட்டி, 2020ஆம் ஆண்டைச் செவிலியருக்கும் பேறுகாலத் துணைவியருக்கும் உரிய ஆண்டாக உலக நலவாழ்வு அமைப்பு அறிவித்திருந்தது. அவ்வாண்டை அவர்கள் விழா எடுத்துக் கழிக்கவில்லை. மூச்சு முட்டும் கவச உடைக்குள் வியர்வையில் நனைந்து கழித்தார்கள்.

ஐந்தாவது இன்னல், நாம் தருவது. பணியை இழிவென்று எண்ணும் தந்தையும், அதற்குத் தலையாட்டும் தலைமையாசிரியனும் தருவது. ஒரு மனிதனின் மலத்தைத் துடைப்பவர் தாழ்ந்தவர் என்னும் பழைய நோய் நம் சமூகத்தின் எலும்பில் ஊறியிருக்கிறது. குழந்தையைத் துடைக்கும் தாயை நாம் தாழ்வாக எண்ணுவதில்லை. அதே பணியைக் கற்று, அந்நியர்க்குச் செய்பவரை எங்ஙனம் தாழ்வாக எண்ணுவது?

இவ்வளவு இன்னல்கள் இருந்தும், உலகெங்கும் ஏறத்தாழ 2 கோடியே 80 லட்சம் பேர் இப்பணியில் இருப்பதாக 2020இல் வெளியான உலக நலவாழ்வு அமைப்பின் அறிக்கை கூறிற்று. அவருள் பத்தில் ஒன்பது பேர் பெண்கள். இவர்களை இப்பணியில் நிலைநிறுத்துவது யாது? ஊதியம் ஒன்றே என்று சொல்லிவிட முடியாது. எட்டாம் நாள் இரவு, அதே செவிலியரிடம் இதனைக் கேட்டேன். அவர் சிறிது நேரம் எண்ணிப் பார்த்தார். “வந்தபோது தூக்கி வந்தவர்கள் போகும்போது நடந்து போகிறார்கள், அப்பா. அதைப் பார்க்கிற வேலை வேறு எது?” என்றார். பிறகு, “எல்லாரும் நடந்து போவதில்லை. போகாதவர்கள் பக்கத்தில் யாராவது இருக்க வேண்டும் அல்லவா?” என்றும் சொன்னார்.

இதனைவிடச் சிறந்த விளக்கம் எனக்குத் தெரியாது. ஆசிரியன் தான் ஊன்றிய விதையின் பயனைக் காணப் பத்தாண்டு காத்திருக்க வேண்டும். செவிலியர் தம் உழைப்பின் பயனைச் சில நாளில், சில வேளை சில மணி நேரத்தில் கண்ணால் காண்கிறார். நேற்று நீலம் பாய்ந்திருந்த உதடு இன்று சிவந்திருப்பதை அவர் காண்கிறார். பிறந்த குழந்தையின் முதல் அழுகையைத் தாய்க்கு முன்பே அவர் கேட்கிறார். சாகும் மனிதன் தன் மக்களிடம் சொல்லாத சொல்லை அவரிடம் சொல்கிறான். மனித வாழ்வின் தொடக்கத்திற்கும் முடிவிற்கும் இத்துணை அருகில் நிற்கும் பேறு வேறு எத்தொழிலுக்கும் எளிதில் வாய்ப்பதில்லை. பக்கத்தில் இருப்பதால் துன்பம் அவரைத் தொடுகிறது. பக்கத்தில் இருப்பதாலேயே இன்பமும் அவரைத் தொடுகிறது. ஒன்றை விலக்கி மற்றொன்றைப் பெறும் வழி இல்லை.

மாணவர்களே! இப்பணியை விரும்பும் மகனோ மகளோ உங்களுள் இருப்பின் (ஆண்களும் இதில் சேரலாம், சேர்ந்தும் இருக்கிறார்கள்), சில சொற்கள் கூறுவேன். கணக்கையும் உயிரியலையும் ஊன்றிக் கற்றுக்கொள்ளுங்கள். அருவருப்பைக் கண்டு அஞ்சாதீர்கள். அது பழக்கத்தில் தீரும். பிறர் துன்பத்தைக் கண்டு மனம் இளகுவது நன்று. ஆனால் இளகிய மனத்துடன் கையும் நடுங்கினால் பயனில்லை. உங்கள் உடலையும் உறக்கத்தையும் காத்துக்கொள்ளுங்கள். களைத்த கண் வெற்றிலையைக் கவனிக்காது. சேரும் முன், அக்கல்லூரி முறையான ஒப்புதல் பெற்றதா என்று விசாரியுங்கள். தக்க ஊதியம் கேட்பது தொண்டுக்கு இழுக்கு என்று எவரேனும் சொன்னால் நம்பாதீர்கள். உழைப்பவருக்கு உண்ணக் கொடாமல் உழைப்பை மட்டும் புகழ்வது அறமன்று.

இப்பணிக்குச் செல்லாத ஏனையோரே! நீங்களும் ஒருநாள் படுக்கையில் கிடப்பீர்கள். நாம் அனைவரும் கிடப்போம். அப்பொழுது வந்து நாடி பிடிப்பவரின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். குணமாகி வீடு திரும்பும் நாளில் மருத்துவருக்கு நன்றி கூறிய பின், இரவுப் பணி முடிந்து போனவருக்கும் ஒரு சொல் சொல்லி அனுப்புங்கள். நாளை நீங்கள் அதிகாரிகளாகவோ மக்கள் பிரதிநிதிகளாகவோ ஆனால், முப்பது படுக்கைக்கு ஒருவர் என்னும் கணக்கைத் திருத்துங்கள். அது நான் கற்பித்த எந்தக் கணக்கையும்விட முக்கியமானது.

என் ஒன்பதாம் நாள் காலையில், வீடு திரும்பும்போது அந்தச் செவிலியரைத் தேடினேன். அவர் வேறு பிரிவில் பணியிலிருந்தார். கைகூப்பினேன். “மாடிப்படி பார்த்து இறங்குங்கள், அப்பா” என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த படுக்கையை நோக்கித் திரும்பினார்.

அன்று மாலையே என் பழைய மாணவிக்குக் கடிதம் எழுதினேன். ‘நீ கேட்டது சிறிய வேலை அன்று, அம்மா. நான் சொன்ன விடைதான் தவறு’ என்று எழுதினேன். ஒரு வாரத்தில் பதில் வந்தது. தன் மகள் பதினொன்றாம் வகுப்பில் உயிரியல் படிப்பதாகவும், ஒரு நாள் அவளை என்னிடம் அழைத்து வருவதாகவும் எழுதியிருந்தாள். அவள் என்ன கேட்கப் போகிறாளோ, நான் அறியேன். ஆனால் இம்முறை, அவள் கேட்டு முடிக்கும்வரை நான் பேசப் போவதில்லை.